வீட்டைப் பார்த்த ஸ்பீக்கர்

புஷ்பபாய் விறுவிறுவென்று வருவதைப் பார்த்ததுமே கோயில் கமிட்டி செயலாளர் ஜெயன் நன்கொடை நோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். பக்கத்து சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவள். இரவு கானமேளா என்கிற மெல்லிசைக் கச்சேரி வேறு இருக்கிறது; உற்சவத்து முதல் நாளே வம்பா?

“எலே ஜெயா, வருசா வருசம் எங்க வீட்டைப் பாத்து ஒரு குழாய் ஸ்பீக்கர் கெட்டுவியளே...”

“கோவப்படாதீங்கக்கா. ஒங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்னு இந்த வருசம் கழத்தியாச்சு.”

“கழத்தினது யாரு?”

“நானாக்கும்!” என்றான் ஜெயன் பெருமையாக.

“யாருகிட்ட கேட்டுலே கழத்தின? சின்னப்பிள்ளையில இருந்து அந்தக் குழாயில கானமேளா கேட்டுத்தான் எனக்குப் பாட்டே வந்தது. எந்த ட்ரூப்பு வந்தாலும் அடுக்களையில நின்னு கூடவே பாடுவேன். கோயில் பறம்புல வந்து நின்னு கேக்க எங்க பாஸ்டர் விடுவாரா? இன்னைக்கு நான் எப்பிடிலே கேப்பேன்?”

ஜெயன் மைக்செட்காரனைத் தேடித் திரும்பினான்.

“கானமேளா தொடங்கதுக்கு முன்ன அது பழைய எடத்துல இருக்கணும்” என்றவள், அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“யாராவது கேட்டா, சத்தம் கூடுதல்னு நான் சண்டை பிடிச்சதுனால, நீ வீம்புக்குக் கெட்டினதாக்கும்னு சொல்லு மக்கா.”