கரடிக்கு எந்தக் கத்தி?

“இதை வெச்சுக் கரடியைக் குத்தலாமாங்க?” என்று கேட்டார் தொப்பிக்காரர்.

கடைக்காரர் அந்தக் கத்தியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “குத்தலாம் சார். ஆனா அதுவரைக்கும் கரடி சும்மா நிக்கணுமே!”

பக்கத்தில் நின்றிருந்த நூலகருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவரும் காட்டுக்குப் போகக் கத்தி வாங்கத்தான் வந்திருந்தார்.

“சார், அது காய்கறிக் கத்தி. கரடியை விடுங்க, அதுக்குப் பூசணிக்காயே பயப்படாது” என்றார்.

தொப்பிக்காரர் சட்டென்று திரும்பினார். தலையில் புத்தம் புதுத் தொப்பி. விலைச்சீட்டுகூட இன்னும் காதோரம் ஆடிக்கொண்டிருந்தது.

“உங்களுக்கு இதெல்லாம் தெரியுமாங்க?”

“ஏதோ கொஞ்சம்” என்றார் நூலகர், கொஞ்சமும் கூசாமல்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நூலகர் காட்டைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆப்பிள் நறுக்கினால்கூட விரலில் பிளாஸ்திரி போட்டுக்கொள்ளும் ஜாதி. ஆனால் பதினைந்து நாளில் காட்டு வாழ்க்கை பற்றி ஏழு புத்தகங்களைக் கரைத்துக் குடித்திருந்தார். குடிக்காமல் என்ன செய்வார்? அவர் மனைவி விளையாட்டு டீச்சர். மூன்று முறை காட்டுக்குக் கூப்பிட்டு, மூன்று முறையும் மனிதர் டிமிக்கி கொடுத்துவிட்டார். ஒரு முறை முழங்கால் வலி, ஒரு முறை கண்வலி, கடைசியில் ஏற்கெனவே செத்துப்போன பெரியப்பாவை இன்னொரு தடவை சாகடித்தார்.

“இந்தத் தடவை ஏதாவது சாக்குச் சொன்னீங்க, ‘எங்க வீட்டுக்காரர் ஒரு பயந்தாங்கொள்ளி’ன்னு எழுதி உங்க லைப்ரரி வாசல்லயே ஒட்டிடுவேன்” என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். சொன்னால் செய்வார்.

அதற்குள் கடைக்காரர் உள்ளேயிருந்து முழ நீளத்துக்கு ஒரு கத்தியை எடுத்து வந்தார். முதுகில் ரம்பப் பல். பிடியின் நுனியில் திசைகாட்டி. பிடியைத் திருகினால் உள்ளே தூண்டில் முள், தீக்குச்சி, ஊசிநூல்.

“ஆகா!” என்று வாயைப் பிளந்தார் தொப்பிக்காரர். “கரடிக்குக் கிழிஞ்சாக்கூடத் தைச்சு விட்டுடலாம் போலிருக்கே!”

“வைங்க சார் கீழே!” என்று அதட்டினார் நூலகர். “பிடிக்குள்ள வெறும் பொந்து. விறகு மேல வெச்சு ரெண்டு தட்டுத் தட்டினா, பிடி உங்க கையில இருக்கும், கத்தி கட்டையில இருக்கும். நல்ல கத்தின்னா அந்த இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் ஒரே துண்டா ஓடணும். மடக்குக் கத்தியும் வேண்டாம்.”

“நீளம்?”

“உள்ளங்கை அகலத்துக்கு மேல ரெண்டு விரல் போதும். முதுகு தடியா இருக்கணும்.”

“துரு?”

“நீங்க துடைக்கிற ஆளாத் தெரியல. ஸ்டெயின்லெஸ் வாங்கிக்குங்க.”

பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி தொப்பிக்காரர் கண்ணை மூடி ஒவ்வொன்றையும் முணுமுணுத்துக்கொண்டார். நூலகர் அலமாரியின் அடித்தட்டில் கிடந்த ஒரு சாதாரணக் கத்தியைக் காட்டினார். பெரிய கத்தியின் விலையில் அது கால்வாசிகூட இல்லை. கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. வேண்டாவெறுப்பாக இரண்டு கத்திகளை எடுத்துச் சாணை பிடிக்கப் போனார்.

“நாளைக்குக் காலையில கிளம்பணும். நெனச்சாலே பயமா இருக்குங்க” என்றார் தொப்பிக்காரர்.

நூலகருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன் பாடும் அதேதான் என்பதை வெளியே காட்டிக்கொள்ளாமல் தோளில் தட்டினார்.

“எதுக்குக் கலங்குறீங்க? வழிகாட்டின்னு ஒருத்தர் கூட வருவார்ல? அவர் பின்னாடியே நடங்க. அவர் கால் வெச்ச இடத்துல கால் வைங்க. முடிஞ்சது.”

“அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குமாங்க?”

“என்ன கேள்வி இது! எங்க வழிகாட்டிக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவமாம். டூர் நோட்டீஸ்லயே போட்டிருக்கான்.”

அந்த ஒரு வரியை நம்பித்தான் நூலகர் இத்தனை நாள் தூங்கியதே.

அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து செய்தி வந்தது. ‘டூர் ஆபீஸ்ல வழிகாட்டி நம்பர் குடுத்திருக்காங்க. எதுக்கும் ஒரு வார்த்தை பேசிடுங்க.’ கீழே நம்பர்.

நூலகருக்கு உயிர் வந்தது. இவ்வளவு நேரம் அளந்த அளப்பு தொப்பிக்காரரிடம் அம்பலமாகிவிடக் கூடாதே என்று கடையின் மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு நம்பரை அழுத்தினார்.

“வணக்கம் சார். நாளைக்கு உங்களோட வர்றேன். ஒளிவு மறைவு இல்லாமச் சொல்லிடறேன், எனக்கு ஒண்ணுமே தெரியாது. ரொம்பப் பயமா இருக்கு. கத்தி எப்படிப் பாத்து வாங்கணும்?”

மறுமுனையில் ‘கர்ர்ர்’ என்று ஒரே இரைச்சல். இப்போதே காட்டில்தான் இருக்கிறார், மரம் அறுக்கிறார் போலிருக்கிறது என்று நூலகர் மெய்சிலிர்த்துப் போனார். இரைச்சலுக்கு நடுவே கம்பீரமான குரல் கேட்டது.

“பயமே வேண்டாம் சார். இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் ஓடணும். உள்ளங்கை அகலம், மேல ரெண்டு விரல். முதுகு தடியா இருக்கணும்.”

எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. கடைக்காரர் சாணையை நிறுத்தினார். போனிலும் இரைச்சல் நின்றது.

“நீங்க என் பின்னாடியே நடங்க சார், நான் கால் வெச்ச இடத்துல கால் வைங்க” என்ற குரல், நூலகருக்கு ஒரு காதில் போனிலிருந்தும் இன்னொரு காதில் முதுகுக்குப் பின்னாலிருந்தும் கணீரென்று கேட்டது.