ஒரு மிடறு தண்ணீர்

வெளியே மைனஸ் இருபத்திரண்டு. வசந்தத்தில் வரப்போகிற மரதன் ஓட்டத்துக்குப் பயிற்சி தவறக்கூடாது என்று குகநேசன் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தபோது, குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த யசோதரா வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"எங்கையப்பா போறியள்?"

புறப்படுகிறவரை அப்படிக் கேட்கக்கூடாது. கேட்டால், அவர் திரும்பி வந்து அமர்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும்.

"சகுனமும் மண்ணாங்கட்டியும்" என்று சொல்லிவிட்டு அவன் ஓடினான்.

உறைந்த ஏரிவரை அந்தக் கேள்வியும் கூடவே ஓடியது. அங்கே காற்று மாறி, பனி மணலைப்போல முகத்தில் அடித்தது. அவன் திரும்பினான்.

புருவமெல்லாம் பனிக்கட்டியோடு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசல் கதிரையில் அமர்ந்தான். அவள் தண்ணீர் கொடுத்தாள். ஒரு மிடறு குடித்தான்.

"இப்ப சரி. ஏரியைச் சுத்தி முழுசா ஓடிட்டு வாறன்."

யன்னலுக்கு வெளியே பனிப்புயலில் எதிர்வீடு தெரியவில்லை. போனமுறை விறைத்துப்போன அவனுடைய காது இன்னும் கறுத்தே இருந்தது. 'போகாதேங்கோ' என்று அவள் சொன்னது இந்தக் குளிர்காலத்தில் ஒருநாளும் எடுபட்டதில்லை.

அவன் எழுந்து கையுறையை மாட்டினான். கை கதவில் பட்டதும், யசோதரா நிதானமாகக் கேட்டாள்.

"எங்கையப்பா போறியள்?"

அவன் அவளைப் பார்த்தான். பிறகு கதிரையில் அமர்ந்தான்.

இந்தமுறை அவள் ஜக் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.