காதில் விழுந்தால் ஏறும்

சியோலில், ஒரு படிப்பறைக் கட்டடத்தின் மாடிப்படியில், சாய்ந்த வெயிலில் நின்று ஒப்பிக்கிறாள் மீரே. கணக்காயர் தேர்வை மூன்றாம் முறை எழுதப்போகிறவள். அவள் காதால் படிக்கும் ரகம், வாய்விட்டுச் சொன்னால்தான் ஏறும் என்று பயிற்சிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். உள்ளே முணுமுணுத்தாலோ, ‘உதட்டுச் சத்தம் கேட்கிறது’ என்று யாரோ மேசையில் மஞ்சள் சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். இன்றைய சீட்டு அவள் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. “நிறுவனத்தின் நற்பெயர் மதிப்பு ஒருமுறை குறைந்துவிட்டால்…” அதற்குமேல் வரவில்லை. வாளித் தண்ணீர் மட்டும் சளசளக்கிறது. “மறுபடி ஏத்திக் காட்டக் கூடாது,” என்கிறாள் கீழ்ப்படியைத் துடைக்கும் துப்புரவுப் பெண், தலை நிமிராமலே. “சித்தி, உங்களுக்கு எப்படி…?” “ரெண்டு வாரமா இதே எடத்துலதானே முட்டிக்கிட்டு நிக்கிறே! காதுல விழுந்தா ஏறும்னு அன்னைக்கு எங்கிட்ட சொன்னியே, ஏறிடுச்சு பாரு, எனக்கு!” சிரிப்பு படிப்படியாகக் கீழே இறங்குகிறது. தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கிறது.