நாலு பக்க மன்னிப்பு

"நாலு பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அதிபர் பெரிய மனசு பண்ணி உங்களை ஊருக்குள்ள விடுறதாச் சொல்லியிருக்கார்."

தூதர் நாலு வெள்ளைத் தாள்களைத் துணி வெட்டும் மேசைமேல் வைத்தார். தையல்காரர் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை.

அதிபருக்குப் பத்து வருஷம் சீருடை தைத்துவிட்டு, அதே கையால் கலகக்காரர்களுக்குக் கொடி தைத்துக் கொடுத்தவர் அவர். கலகம் பிசுபிசுத்துப் போனது. அவரை நாடு கடத்தினார்கள். பன்னிரண்டு வருஷமாக அந்நிய ஊரில் அடுத்தவன் கால்சட்டைக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருக்கிறார். ஊரில் அக்கா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். அவள் கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வேறு ஆசையே கிடையாது.

"தப்புப் பண்ணினவன் எழுதுவான். நான் எதுக்குங்க எழுதணும்?"

"சரி, ஒரு பக்கம் போதும்."

"ஒரு வரிகூட வராது."

"அப்ப எழுதவே வேணாம், விடுங்க."

தையல்காரர் நிமிர்ந்து பார்த்தார். காய்கறிக்காரர்கூட இவ்வளவு சீக்கிரம் இறங்கி வர மாட்டாரே.

வாசலில் தூதரின் டிரைவர், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, இடது கையில் பெரிய பெட்டியோடு நின்றார். மீசையை மழித்த இடம் சிவந்திருந்தது. கனத்தில் இடது தோள் சரிந்திருந்தது.

"பெட்டியைக் கீழ வைக்கச் சொல்லுங்க, பாவம்."

"அவர் கிடக்கார். இந்தாங்க, அதிபரோட மன்னிப்பு உத்தரவு. வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்து. தேதி மட்டும் போன மாசத் தேதியாப் போடுங்க."

"ஏன், இன்னிக்குத் தேதிக்கு என்ன கேடு?"

தூதர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஆபீஸ் வழக்கம். யார் கேட்டாலும், அதிபர் என்னைப் போன மாசமே மன்னிச்சிட்டார்னு சொல்லிடுங்க. அவ்வளவுதான்."

இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அடிமனசு சொன்னது. ஆனால் அக்காவின் முகம் கண்முன் வந்து நின்றது. தையல்காரர் பேனாவைத் திறந்தார்.

உள்ளறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஓடி வந்தாள்.

"என்னங்க, நம்ம ஆளுங்க நேத்தே அரண்மனையைப் பிடிச்சிட்டாங்களாம். அதிபரைக் காணோமாம். உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க, உடனே கிளம்பி வரணுமாம்."

டிரைவர் கையிலிருந்த பெட்டி தொப்பென்று விழுந்தது. கனம் போயும் அந்த இடது தோள் நிமிரவில்லை. அது சரிந்திருப்பது வெளியே தெரியாமல் பத்து வருஷம் சீருடைக்குள் பஞ்சு வைத்துத் தைத்தவருக்கு அந்த ஓர் அங்குலம் தெரியாதா?

தையல்காரர் பேனாவை மூடவில்லை. நாலு வெள்ளைத் தாள்களையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"உட்காருங்க, அதிபரே. நாலு பக்கம், நிதானமா எழுதுங்க."