ஃபவுண்டன் வரும் இடம்

செம்மண்டலத்துத் திடலில் காலை வெயில் சுண்ணாம்புக் கோடுகளின் மேல் பளீரென்று விழுகிறது. இங்கே கட்டப்போகும் திறந்தவெளி ஷாப்பிங் சென்டருக்காகத் தரையில் வட்டம் போட்டு வரும் இன்ஜினியர் எழிலன், மீன்காரி மங்கலத்தின் அரிவாள்மணை குறுக்கே இருப்பதால் வட்டத்தை முடிக்க முடியாமல் நிற்கிறான். "அக்கா, இங்கதான் ஃபவுண்டன் வருது. கொஞ்சம் எந்திரிங்க." மங்கலம் நிமிரவில்லை. சங்கரா மீனின் செதில்கள் தெறித்து அவன் ஷூவில் மினுங்குகின்றன. "ஃபவுண்டன்னா?" "தண்ணி பீச்சி அடிக்கும்க்கா. பாக்கறதுக்கு ஜனங்க வருவாங்க." அவள் மீன் கழுவிய வாளியைத் தூக்கி அந்த வட்டத்தின் மேல் சாவகாசமாக ஊற்றுகிறாள். சுண்ணாம்பு வெள்ளையாகக் கரைந்து ஓடுகிறது. வாடிக்கைப் பூனைகள் இரண்டும் வந்து உட்காருகின்றன. "தண்ணி வந்தாச்சு," என்று அடுத்த மீனை எடுக்கிறாள். "மத்ததையெல்லாம் என்னைச் சுத்திக் கட்டிக்க, தம்பி."