மூன்றாவது தட்டு

திருவரங்குளம் கல்யாண மண்டபத்தில் கோலாட்டப் பயிற்சி முகாமின் இரண்டாம் நாள். சன்னல் வெயில் தரையில் கட்டங்கட்டமாகக் கிடக்க, கடைசி வரிசையில் கோல்களோடு நிற்கிறாள் செல்வராணி. ஆறு வருடமாக அவளுக்கு ஜோடியாக ஆடிய பிரகதீஸ்வரி, மேடையில் மைக்கைப் பிடித்துக் கூசாமல் சொல்கிறாள்: "இந்த அடி நானே கட்டுனதுங்க. மூணாவது தட்டுக்கு இடது காலை லேசா இழுத்து வைங்க, அதான் இதுல அழகு." அது செல்வராணி கட்டிய அடி. பஸ்ஸிலிருந்து விழுந்து முறிந்த கால் சரியாக மடங்காததால் வந்த இழுப்பு அது. பிரகதீஸ்வரியின் பார்வை கடைசி வரிசைவரை வரவேயில்லை. கோல்கள் ஒரே சத்தமாய் மோதுகின்றன. நாற்பது பெண்கள் ஒன்றுபோல நொண்டுகிறார்கள். செல்வராணியும் ஆடுகிறாள். எதிரே கோல் தட்டும் பெண் அவள் காலையே பார்க்கிறாள். "அக்கா, நீங்க ரொம்ப இழுக்குறீங்க. லேசாத்தான் இழுக்கணுமாம்."