ஆளை மறைக்கும் சிலை

பொன்னாயியை எஸ்டேட் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தோம்.

ஆறு வயதுக் குழந்தை. காய்ச்சல் என்று லைன் வீட்டில் படுக்க வைத்துவிட்டுத்தான் அவள் அம்மா மருதாயி எங்களோடு காப்பிப் பழம் பறிக்க வந்திருந்தாள். சாயங்காலம் திரும்பிப் போனால் வெறும் பாய்தான் கிடந்தது.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. இருட்டுவதற்குள் பார்த்துவிட வேண்டுமே என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். நானும் மருதாயியும் பங்களாச் சரிவில் இறங்கினோம்.

அங்கேதான் அந்தச் சிலை இருந்தது. முதலாளியின் சிநேகிதர் ஒருவர் மெட்ராஸிலிருந்து வந்து செய்து வைத்தது. சிலை என்றால் மூக்கும் முழியும் வேண்டாமா? ஆள் உயரக் கண்ணாடிகளை இரும்புச் சட்டத்தில் மாட்டி, செடிகளுக்கு நடுவே கோணலாக நிறுத்தியிருந்தார். பக்கத்துச் செடிகள் அதில் விழும். கண்ணாடி இருப்பதே தெரியாது, செடி வரிசை அப்படியே நீண்டு போவது போலிருக்கும். பின்னால் ஒருவரை நிறுத்திவிட்டு, ஆளைக் காணோம் பார் என்று விருந்தாளிகள் கைதட்டுவார்கள். நல்ல பிழைப்பு.

அன்றைக்கு அந்த நினைப்பே எங்களுக்கு வரவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் செடி.

மருதாயி நின்று, “பொன்னாயி” என்று ஒரு சத்தம் போட்டாள். பதில் இல்லை. அடுத்த சரிவுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

இருட்டிய பிறகும் விடவில்லை. கரடியூர்ப் பாதை வரை போய்த் திரும்பினோம்.

விடிந்ததும், கண்ணாடி துடைக்க வந்த தோட்டக்காரர் சித்தன்தான் கண்டார். முகம் பார்க்கப் போயிருக்கிறது பிள்ளை. கண்ணாடிக்குப் பின்னால், சட்டத்தில் கால் மாட்டிக்கொண்டு கிடந்தது. நனைந்த உடம்பு விறைத்துப் போயிருந்தது.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருக்கு மனசு ஆறவில்லை. அத்தனை கிட்டே வந்து கூப்பிட்டும் குழந்தை ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டதே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பாவி மனுஷன்.

மருதாயி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை நின்றுவிட்டிருந்தது. நிமிராமலே சொன்னாள்.

“காட்டுல பேய் வந்து பேர் சொல்லிக் கூப்புடும், மூணு தடவ கூப்புட்டாத்தான் ஏன்னு கேக்கோணும்னு நாந்தானுங்க சொல்லி வெச்சிருந்தேன். நான் ஒருக்காத்தானுங்க கூப்புட்டேன்.”